கை காட்டித்தான் திரும்பினீர்கள்

அன்பான என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்களை அடித்துப் போட்ட, ஆழ்துளைக் கிணறு தோண்டும் அந்தப் போர் லாரி நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் அந்த நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நாளே அதைக் கழுவிச் சந்தனம் தடவி, திருச்செங்கோட்டு மலையடிவாரத்தில் நிறுத்திப் பூசணிக்காய் உடைத்தார்கள். வண்டிக்குத் தோஷம் பட்டுவிட்டதே என்று முதலாளிக்கு அவ்வளவு கவலை. நம் வீட்டுப் படியை மட்டும் அவர் மிதிக்கவில்லை. பாவம், நேரம் கிடைத்திருக்காது.

இந்த ஊரில் சைக்கிளில் போகிறவன் மனிதனே இல்லை. ஹாரன் அடித்தால் மண்ணில் இறங்க வேண்டிய ஜந்து. தார் ரோடு லாரிக்கும் பஸ்ஸுக்கும். நமக்கு ஓரத்து ஜல்லி. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்குப் பதினைந்து வருஷம் அப்படித்தான் போய் வந்தீர்கள். வழியில் என்னை டைப்ரைட்டிங் வகுப்பில் இறக்கிவிடுவீர்கள்.

அன்றும் நான் கேரியரில் இருந்தேன். வகுப்புக்குத் திரும்பும் இடத்துக்கு வெகு முன்பே வலது கையை நீட்டினீர்கள். பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்திப் பிடித்தானே தவிர வேகத்தைக் குறைக்கவில்லை. நான் ஓரத்து மண்ணில் விழுந்தேன். நீங்கள் சக்கரத்துப் பக்கம் விழுந்தீர்கள்.

டீக்கடையில் நின்ற கூட்டத்தில் ஒருத்தருக்கும் கண் தெரியவில்லையாம். பார்த்தவள் நான் ஒருத்திதான். ஆனால் போலீஸ் காகிதத்தில் என் பெயரே இல்லை, அப்பா. ஆஸ்பத்திரி வாசலிலேயே பெரியப்பா என்னைத் தனியே அழைத்தார். “கோர்ட்டு ஏறுன புள்ளய எவன் கட்டுவான் சாமி? நீ சைக்கிள்ல வரவே இல்லைன்னு சொல்லிப்போடு” என்றார். அம்மா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். முழங்கைக் காயத்தைத் தாவணியால் மூடிக்கொண்டேன்.

குடும்ப கௌரவமாம்! அதில் பிழைத்தவன் டிரைவர். சைக்கிள்காரர் கை காட்டாமல் குறுக்கே வந்தார் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். இப்போது உங்கள் பட்டறை ஆட்களே, கொஞ்சம் பார்த்துத் திரும்பியிருக்கலாம் என்கிறார்கள். யாரைச் சொல்கிறார்கள்? கோழிக்குஞ்சு குறுக்கே வந்தாலும் இறங்கி நிற்கிற உங்களையா?

வருஷத்துக்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டுமென்று போன வாரம் பெண் பார்க்க வரவழைத்தார்கள். அப்பா எப்படித் தவறினார் என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் கேட்டார். பெரியப்பா கூசாமல் சொன்னார்: “அவனாப் போயி வண்டில உழுந்துட்டானுங்க.”

காபித் தட்டோடு நின்ற எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “இல்லைங்க. எங்கப்பா கை காட்டினாருங்க. நான் பின்னால உக்காந்திருந்தேனுங்க” என்றேன்.

காபியைத் தொடாமலே எழுந்து போனார்கள். போகட்டும், அப்படிப்பட்ட வீட்டில் எனக்கு என்ன வேலை? பெரியப்பாவோ, இனி உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று செருப்பை மாட்டினார். அதுவும் நல்லதே. அம்மாதான் அடுப்படியிலிருந்து வந்து, “டேசனுக்கு நானும் வாரேன் சாமி” என்றாள்.

போலீஸ் ஸ்டேஷனில் நான் சொன்ன எல்லாவற்றையும் ஏட்டையா எழுதிக்கொண்டார். டபுள்ஸ் வந்ததால்தான் தடுமாறினார் என்று கோர்ட்டில் என் மேலேயே பழியைத் திருப்புவார்களாம். திருப்பட்டும். இத்தனை நாள் ஏனம்மா வாயைத் திறக்கவில்லை என்றும் ஏட்டையா கேட்டார். நியாயமான கேள்வி. இவ்வளவு நேரம் ஊரையே காறித் துப்பினேனே, அப்பா, முதல் துப்பு என் முகத்தில்தான் விழ வேண்டும்.

கூண்டில் ஏறியதும் அதைத்தான் முதலில் சொல்வேன். எட்டு மாதம் பொய் சொன்னேன் என்று. அதற்கப்புறம், அந்த முதலாளியைப் பார்த்துக்கொண்டே, நீங்கள் எப்படிச் செத்தீர்கள் என்று சொல்வேன். இது சத்தியம்.

உங்களுக்குக் கடன்பட்ட மகள்,
சரசு