சம்மந்தியின் தடிமன்

1983 ஜனவரி 3, திங்கள்

மாரி விட்டபாடில்லை. ஊருக்கே தடிமன், மூக்கு வடிகிறது. பள்ளிவாசலில் ஓதுவதை விட இருமுவதுதான் உரக்கக் கேட்கிறது. மூக்கைத் துடைக்க ஒரு லேஞ்சித் துணி வைத்துக்கொள்ளத் தெரியாத கூட்டம்! வெறுங்கையில் சிந்திவிட்டு அதே கையை நீட்டி ஸலாம் கொடுக்க வருகிறார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். பெருமைக்காரன் என்கிறார்களாம். சொல்லட்டும். போன மாரியில் ஒரு தடிமன்தான் என் மனைவி ஸாலிஹாவை இழுப்பில் தள்ளியது. அவள் மூச்சுக்குத் தவித்ததை இவர்களா பார்த்தார்கள்?

ஜனவரி 5

மகள் நதீராவின் கலியாணப் பேச்சை முடிக்க நாளை மாப்பிள்ளையின் வாப்பா பதியுதீன் அக்கரைப்பற்றிலிருந்து வருகிறார். ஆளுக்குக் கடும் தடிமனாம். வீட்டில் கிடந்தால் என்ன? ஒரே சஹன் தட்டில் அவரோடு கைபோட்டுச் சாப்பிட வேண்டும். மறுத்தால் கலியாணம் போச்சு. சாப்பிட்டால் — ஸாலிஹா?

நாளை வியாழன், விரும்பியவர்கள் நோன்பு பிடிக்கும் நாள். சுன்னத்து நோன்பு என்று சொல்லிவிடுவேன். பொய்தான். அல்லாஹ் மன்னிப்பான், பதியுதீன் மன்னிக்கமாட்டார்.

ஜனவரி 6

என்னைப்போல் முட்டாள் கல்முனையில் இல்லை.

"நோன்பா சம்மந்தி? மாஷா அல்லாஹ்! அப்ப நான் மட்டும் தின்னவா? மஃரிபு பாங்கு வரைக்கும் இருக்கன், ரெண்டு பேரும் ஒண்டா நோன்பு திறப்பம்" என்று சாய்மனைக் கதிரையில் சரிந்துவிட்டார். பகல் முழுக்க அவர் தும்மினார், நான் பசியில் காய்ந்தேன். பாங்கு சொன்னதும், மூக்கைத் துடைத்த விரலாலேயே ஈச்சம்பழத்தைப் பிட்டு என் வாயில் ஊட்டினார். நோன்பாளிக்கு ஊட்டினால் நன்மையாம்! விழுங்கித் தொலைத்தேன். கலியாணம் முடிவாயிற்று.

ஜனவரி 9

காய்ச்சல். வேறென்ன வரும்? வீட்டுக்குப் போகவில்லை, என் கடையின் பின்னறையில் பாய் போட்டுவிட்டேன். ஸாலிஹா கதவு வரை வந்தாள். "கிட்ட வராத! வீட்ட போ!" என்று கத்திவிட்டேன். அழுதுகொண்டே போனாள்.

ஜனவரி 10

ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நல்லது.

ஜனவரி 12

பதியுதீன் வந்து நிற்கிறார், ஸாலிஹா காய்ச்சிய கஞ்சியோடு.

"போங்க, தொத்திரும்."

"எனக்கு வந்து போன தடிமன்தானே சம்மந்தி, இனி என்ன செய்யப்போகுது? வீட்டுல உள்ளவங்க வர ஏலா. அதான் நான் வந்தன்."

நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். தட்டிவிடத் தெம்பில்லை.

ஜனவரி 15

மூன்று நாளாக பஸ் ஏறி வருகிறார். சளசளவென்று நெல் விலை பேசுகிறார். தாங்க முடியாத மனிதர். இன்று நேரமாகியும் காணவில்லை என்று நான்தான் கதவைப் பார்த்துக் கிடந்தேன்.

வந்ததும் சொன்னார்: "உங்கட வீட்டுல எல்லாருக்கும் சுகம். ராவு உங்கட பொஞ்சாதி நல்லா உறங்கினாவாம். இழுப்பு ஒண்டுமில்ல."

கண்ணும் மூக்கும் சேர்ந்து வடிந்தன. தடிமன் என்றேன்.

"ஓம், ஓம்" என்று தன் லேஞ்சியை நீட்டினார். வாங்கித் துடைத்துக்கொண்டேன்.