முத்தமிட்ட தங்க வட்டு

கோர்டோபா, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் மிர்த்தாவுக்கு, உன்னை வளர்த்த மாமா எவுசேபியோ எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம், இம்முறை வழக்கத்துக்காக எழுதவில்லை, சான்றோடு எழுதுகிறேன். நார்வேப் பனியில் நீயும் சுகமாயிருக்க மாதா துணை.

அம்மாவின் குடல்கட்டியை எடுத்த பிறகு மிச்சம் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்ததே, அதைக் காட்டிக்கொடுக்கும் கதிர்மருந்து எங்கள் ஆய்வுக்கூடத்துத் தாமிரத்தில்தான் தயாராகிறது, அரை நாளில் பாதி வீரியம் போய்விடும், கப்பலில் வரவழைக்கிற சரக்கல்ல. தங்க வட்டின் மேல் நிக்கல் பூசி அணுத்துகளைச் சுழற்றி வீசும் சைக்ளோட்ரான் இயந்திரத்துக்குள் வைத்தால் அதன் கதிர் அடித்து நிக்கலில் ஒரு துளி கதிர்வீசும் தாமிரமாகிறது. அந்த வட்டைக் கடைந்து மெருகேற்றுவது உன் மாமன்தான், அதில் முகம் பார்த்து பிஷப்பே சவரம் செய்யலாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவனை நம்பித்தான் மூன்று மாகாணத்து டாக்டர்கள் காத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்கான வட்டு ஆயிற்றே. எங்கள் வேதியியல்காரி நெலிடா அதை அமிலத்தில் கழுவி வைத்திருந்தாள், நான் மாதா பதக்கத்தைப் போல அதை ஒரு முறை முத்தமிட்டேன், நம்மில் யார்தான் செய்யமாட்டார்கள், மதியம் தின்ற சோரிசோ தொத்திறைச்சியின் கொழுப்பு உதட்டிலிருந்ததை யார் கண்டது. பூச்சு ஏறியதும் அது பிடித்திருக்கிறதா என்று பார்க்க அவள் வழக்கம்போல ஒட்டுநாடாவை ஒட்டி உரித்தாள், உதட்டளவு பூச்சு அதோடு வந்துவிட்டது. ஏன் எவுசேபியோ ஐயா, மீசையையும் பதிச்சிருக்கலாமே என்றாள். சின்ன உரிசல்தானே, உள்ளே வை, தங்கச்சி காத்திருக்கிறாள் என்று கெஞ்சினேன். ஒட்டாத எடத்துல சூடு தங்கத்துக்கு எறங்காது, நிக்கல் உருகி ஓடிரும், அப்புறம் உங்க தங்கச்சிக்கு இந்த மாசமே மருந்து கிடையாது, கோவிச்சுக்கிட்டாலும் சரி, போய் மாத்தே டீ குடிங்க என்று என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். நிக்கலைக் கரைத்து மீட்டு, வட்டைத் திரும்பக் கழுவி, பூச்சை முதலிலிருந்து ஏற்றினாள். இம்முறை நாடா வெறுமையாக வந்தது.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு அந்த மருந்தை ஏற்றிப் படம் எடுத்தார்கள். எங்கும் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அம்மா அழவில்லை, பசிக்கிறது என்றாள். தெருவில் சொல்லும்போது உரித்துப் பார்த்தவன் நான் என்றுதான் சொல்கிறேன், உண்மை உனக்கு மட்டும். நெலிடாவுக்கு அல்ஃபஹோர் இனிப்பு ஒரு பெட்டி கொடுத்தேன், முதலில் வாயைத் துடைங்க என்றாள். அவளுக்குப் பனி படம் போட்ட அட்டையில் உன் கையால் நன்றி எழுதி அனுப்பு, மறக்காதே. கம்பளிக் காலுறை போடு, வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன்னைக் காக்கட்டும்.

அன்று வீட்டுக்கு வந்து அந்த முத்தத்தை உன் அம்மாவின் நெற்றியில் வைத்தேன். அது பெயரவில்லை.

உன் மாமா,
எவுசேபியோ