நான் கட்டிவிட்ட குடைத் திருடன்

மார்ச் 4, செவ்வாய்

சட்டைக் கையில் எதற்குப் பொத்தான் என்று மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். சிப்பாய்கள் கையால் மூக்கைத் துடைக்காமல் இருக்க ஒரு ராஜா வைத்த ஏற்பாடு என்கிறது ஒரு புத்தகம். ராஜாவாவது மண்ணாங்கட்டியாவது, தையல்காரர்கள் அழகுக்கு வைத்தது என்கிறது இன்னொன்று. மூன்றாவது புத்தகம் முதல் புத்தகத்தைப் பார்த்து எழுதியது. அச்சுப்பிழையைக்கூட விடாமல் காப்பி அடித்திருக்கிறார்கள்.

ஏழு வருடமாக ஞாயிறு இணைப்பில் ‘கைக்கெட்டும் கதைகள்’ எழுதுகிறேன். சீப்பு, ஊக்கு, பூட்டு, சோப்பு, வீட்டில் இருக்கும் சாமான் எல்லாவற்றுக்கும் கதை எழுதியாகிவிட்டது. இனி வீட்டுக்காரர்தான் பாக்கி. அவரிடமே சொன்னேன். “எழுதிக்கோ. ஆனா கீழே ஆதாரம் போடணுமே, என்ன போடுவே?” என்றார். பல்செட் செய்கிறவர். நாளெல்லாம் அடுத்தவர் பல்லோடு மல்லுக்கட்டி, சிரிக்காமல் ஜோக் அடிக்கப் பழகிவிட்டார்.

மார்ச் 6, வியாழன்

காய்ச்சல். நூற்றிரண்டு. கட்டுரை நாலு மணிக்குள் போக வேண்டும். பொத்தான் சண்டை தீரவில்லை.

எங்கள் ஆசிரியருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘கத்தரி’. நீளத்தை மட்டும் பார்ப்பார், வெட்டுவார். எழுதியது உண்மையா என்று ஏழு வருடத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் கட்டுரைக்குக் கீழே ‘ஆதாரம்’ என்று ஒரு வரி போடுவேன்; அந்த ஒரு வரி அவருக்குப் போதும். மூன்றரைக்கு போன்: “என்னம்மா, பக்கத்தை வெள்ளையாவே விட்டுடட்டுமா?”

எழுதிவிட்டேன். அள்ளிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். ஒரு குடைத் திருடன். நீதிமன்ற வாசலில் நனைந்த குடைகளை வைக்கும் தொட்டியிலிருந்து, கம்பி ஒடிந்த குடையாகப் பார்த்து எடுத்துப் போவான். சரிசெய்து, மறுநாள் அதே இடத்தில் திருப்பி வைப்பான். பேக்கரியில் மாவு பிசைபவன். மாட்டிக்கொண்டு மூன்று மாதம் உள்ளே போனான். கீழே ஆதாரம்: பழைய நீதிமன்றப் பதிவேடு.

கை கூசவே இல்லை. காய்ச்சலில் கூச்சமும் மரத்துப்போகும் போல. ஒரு வாரம்தானே, பழைய பேப்பர் வாங்குகிறவர் எடைக்குப் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

மார்ச் 9, ஞாயிறு

வந்துவிட்டது. படம் அழகாகப் போட்டிருக்கிறார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது, அதுதான் சங்கடம்.

மார்ச் 13, வியாழன்

இதுவரை எழுதியதிலேயே இதுதான் பிரமாதமாம். கத்தரி சொல்கிறார், அச்சகத்தில் சொல்கிறார்கள், மருந்துக்கடைக்காரர்கூட மிச்சம் கொடுக்க மறந்து சொல்கிறார். தாழ்ப்பாளுக்காக நான்கு மாதம் நூலகத்தில் கிடந்தேன், அப்போது ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

பதினெட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒருவர் தன் குடையும் அந்தத் தொட்டியில் இருந்தது என்கிறார். மகராசன், நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 15, சனி

இன்று அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். எழுபது வயது இருக்கும். ஓய்வு பெற்ற நில அளவையாளர். சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தார். உள்ளே என் கட்டுரை, ஓரம் பிசிறில்லாமல் வெட்டியது.

“நீங்க எழுதியிருக்கிறது எங்கப்பாவைப் பத்திம்மா” என்றார்.

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அப்பா பேக்கரியில் மாவு பிசைந்தாராம். இவருக்கு எட்டு வயதாக இருக்கும்போது திருட்டு வழக்கில் மூன்று மாதம் உள்ளே போனாராம். என்ன திருடினார் என்று அம்மா கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அப்பாவிடம் ஒரே ஒரு தடவை கேட்டாராம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து கை கழுவிவிட்டார். அதோடு சரி.

“அம்மா உடனே எங்களை வேற பேட்டைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அங்கயும் பள்ளிக்கூடத்துல எனக்குத் திருடன் மகன்னுதான் பேரு. என்னத்தைத் திருடினார்னு தெரியாம அந்தப் பேரைச் சுமக்கிறது இருக்கே... பெரிசா ஏதோ பண்ணியிருக்கார், யாரையோ கொன்னுட்டுத் திருடியிருக்கார்னு நானே நினைச்சுக்கிட்டேன். கடைசியில பார்த்தா, ஒடிஞ்ச குடையைச் சரிபண்ணிக் குடுத்திருக்கார் மனுஷன்!”

அவருடைய தங்கை அப்பாவின் போட்டோவைச் சுவரில் மாட்ட விட்டதே இல்லையாம். போன ஞாயிற்றுக்கிழமை கட்டுரையைப் படித்துவிட்டு, தானே ஆணி அடித்து மாட்டினாராம்.

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். நான் என்ன சொன்னேன்? “பரவாயில்லைங்க ஐயா” என்றேன். பரவாயில்லையாம்! என்ன ஜென்மம் நான்?

மார்ச் 16, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் கொட்டிவிட்டேன். கேட்டுக்கொண்டே ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்து முடித்தார்.

“சொல்லாம விட்டுட்டா என்ன? அவர் சந்தோஷமாதானே இருக்கார்?” என்றேன்.

“விடு. நாளைக்கு அவரே அந்தப் பதிவேட்டைப் பார்க்கணும்னு கோர்ட்டுக்குப் போவாரு. அங்க குடையும் இருக்காது, ஒண்ணும் இருக்காது. அப்புறம் அப்பாவை ரெண்டாவது தடவை தொலைச்ச மாதிரி ஆயிடும்.”

இந்த ஆள் சில சமயம் பல்லைத் தவிர மற்றதையும் பார்க்கிறார்.

மார்ச் 18, செவ்வாய்

சொல்லிவிடுவது என்று அவர் வீட்டுக்குப் போனேன். தங்கைதான் கதவைத் திறந்தார். அண்ணனுக்கு மூன்று வயது இளையவர், அதட்டிப் பேசுகிறவர் போன்ற முகம். ஆனால் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. போட்டோவைக் காட்டினார். ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போன ஒரு மனிதர். ஆணியைச் சுற்றிச் சுண்ணாம்பு புதிதாகப் பெயர்ந்திருந்தது.

காபி குடித்தேன். பிஸ்கட் தின்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 19, புதன்

கோழை.

மார்ச் 21, வெள்ளி

முதலில் கத்தரியிடம் சொன்னேன். பேனா மூடியைக் கழற்றினார், போட்டார், கழற்றினார்.

“ஏழு வருஷத்துல எத்தனை?”

“இது ஒண்ணுதான் சார்.”

“அதை நான் எப்படிம்மா நம்புறது?”

கேட்டாரே ஒரு கேள்வி. அழுதுவிட்டேன், அவர் மேஜையில் இருந்த துடைக்கும் துணியால் முகத்தைத் துடைத்தேன், அதில் மை. வெளியே வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அதிலேயே தெரிந்தது, எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது.

தீர்ப்பு: அதே பக்கத்தில், அதே அளவில், பொய் என்று நானே எழுத வேண்டும். அதற்குப் பிறகு பத்தி என் கையில் இருக்குமா என்பதை யோசித்துச் சொல்வாராம். அதுவரை ‘காணவில்லை’ அறிவிப்புகளைத் திருத்திக் கொடுக்க வேண்டும்.

அச்சில் வருவதற்குள் அந்தப் பெரியவரிடம் நேரில் சொல்லியாக வேண்டும்.

மார்ச் 22, சனி

சொல்லிவிட்டேன்.

“குடையே இல்லையா?” என்றார்.

“இல்லைங்க ஐயா.”

“பேக்கரி?”

“எங்க வீட்டுக்குக் கீழ ஒரு பேக்கரி இருக்கு. வாசனை வந்துச்சு, எழுதிட்டேன்.”

“மூணு மாசம்?”

“வாய்க்கு வந்தது.”

தங்கை அதுவரை சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நேரே வந்தார், போட்டோவைக் கழற்றினார், உள்ளே போனார். திரும்பி வந்து, “கிளம்புங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அடித்திருக்கலாம்.

அண்ணன் தெருமுனைவரை என்னோடு வந்தார். முனையில் நின்று, “அப்போ எங்கப்பா என்னதாம்மா திருடினார்?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுபோல.

“கண்டுபிடிச்சுச் சொல்றேன்” என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள்.

“கொலைகாரனா இருந்தாலும் சொல்லணும்.”

“சொல்றேன்.”

மார்ச் 25, செவ்வாய்

நீதிமன்றப் பதிவறை. ஆதாரம் என்று அச்சில் போட்ட இடத்துக்கு இன்றுதான் முதல் தடவையாகப் போகிறேன். அங்கே இருக்கும் அம்மாளுக்குத் தூசி ஆகாது. வேலையோ தூசியில். ஒரு கட்டு எடுத்தால் நான்கு தும்மல். அறுபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய கட்டுகள் மேல்தட்டில் இருக்கின்றன.

“சொந்தக்காரங்களா?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். அப்புறம் எதற்கு இப்படிப் பதறுகிறீர்கள் என்றார்.

பயம்தான். நிஜமாகவே அசிங்கமாக ஏதாவது இருந்தால்? நான் இட்டுக்கட்டிய குடைத் திருடன் அந்த நிஜ மனிதரைவிட நல்லவனாக இருந்துவிட்டால்? அதை எந்த முகத்தோடு போய்ச் சொல்வேன்?

மார்ச் 27, வியாழன்

கிடைத்துவிட்டது!!

அழைப்பு மணி. வாசல் கதவில் திருகி அடிக்கிற பழைய மணி. ஒரே தெருவில் நாற்பத்தொரு வீட்டார் புகார் கொடுத்திருக்கிறார்கள். பதினொரு மாதமாக ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறார். கட்டிலுக்கு அடியில் ஒரு மாவுச் சாக்கில் எல்லாம் இருந்தன. ஒன்றையும் விற்கவில்லை. சத்தம் வராமல் இருக்க ஒவ்வொன்றையும் தனித்தனித் துணியில் சுற்றி வைத்திருந்தார் என்று எழுதியிருக்கிறது.

ஏன் என்று நீதிபதி கேட்டிருக்கிறார். பதில் அப்படியே இருக்கிறது, பென்சிலால் எழுதிக்கொண்டேன்: “நான் இரவெல்லாம் மாவு பிசைகிறேன். பகலில்தான் தூங்க வேண்டும். இந்தத் தெருவில் பகலெல்லாம் மணி அடிக்கிறது. நான் தூங்கி இரண்டு வருடம் ஆகிறது, ஐயா.”

நீதிபதி: “கதவைத் தட்டினால் என்ன செய்வாய்?”

“தட்டுவது பழகிவிடும், ஐயா.”

பதிவறையில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தும்மல் அம்மாள் வந்து படித்தார். அவரும் சிரித்தார், பிறகு “பாவம்ங்க” என்றார். அதையேதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், இப்படி ஒன்றைக் காய்ச்சல் நூற்றைந்துக்குப் போனாலும் என்னால் கட்டிவிட முடியாது.

மார்ச் 28, வெள்ளி

தங்கை கதவைத் திறக்கவில்லை. அண்ணன்தான் வெளியே வந்தார். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து நகலைக் கொடுத்தேன். நீதிமன்ற முத்திரை போட்டு வாங்கியிருந்தேன். என் பேச்சை இனி யார் நம்புவார்கள்?

“மணியா?” என்றார். மறுபடி படித்தார். “வாசல் மணியா?”

சிரித்தார் பாருங்கள், பெஞ்சே குலுங்கியது. எதிரே நாயோடு போனவர் நின்று பார்த்தார். சிரித்து முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தார்.

“பகல்ல எங்களை எங்கம்மா பேசவே விட மாட்டாங்கம்மா. ஜாடையிலதான் சாப்பாடு கேப்போம். வீட்ல ஏதோ பெரிய தப்பு நடந்திருக்கு, அதான் யாரும் பேசறதில்லைன்னு நினைச்சேன். மனுஷன் தூங்கியிருக்காரு! அவ்வளவுதான். தூங்கியிருக்காரு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் கொலைன்னு நினைச்சேனே” என்றார். இரண்டு தடவை சொன்னார்.

கிளம்பும்போது, “இதை எழுதுங்க” என்றார். தங்கை ஒத்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்டேன். “அவகிட்ட நான் படிச்சுக் காட்டறேன். கேக்கறதும் கேக்காததும் அவ பாடு.”

ஏப்ரல் 6, ஞாயிறு

பக்கத்தின் மேல்பாதியில் என் பொய். எப்படிச் சொன்னேன், ஏன் சொன்னேன், பூசி மெழுகாமல். கீழ்ப்பாதியில் அழைப்பு மணி. கத்தரி ஒரு வரிகூட வெட்டவில்லை. ஆனால் பதிவேட்டு நகலை வாங்கி, என் எதிரிலேயே வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தார். ஏழு வருடத்தில் முதல் தடவை. மானம் போகிற மாதிரி இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

பத்தி எட்டு வாரத்துக்குக் கிடையாது. ‘காணவில்லை’ தொடரும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஏழு கடிதம். நான்கு திட்டு. இனி சீப்புக் கதையையும் நம்ப மாட்டேன் என்கிறார் ஒருவர். நியாயம்தான்.

பெரியவர் போன் செய்தார். தங்கை பேப்பரைத் தொடக்கூட இல்லையாம். இவர் படித்துக் காட்டினால் எழுந்து போய்விடுகிறாராம். அப்பாவை ஊர் சிரிக்க வைத்துவிட்டேன் என்று கோபம் இருக்கும். இருக்கட்டும், என்னிடம் தாராளமாக இருக்கட்டும். போட்டோவில் இருக்கும் அந்த மனிதரிடம் மட்டும் வேண்டாமே என்றிருக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் காணாமல்போன ஒரு கிளியைத் திருத்திக்கொண்டிருந்தேன். போன்.

“நான்தான். அவர் தங்கச்சி.”

எழுந்து நின்றுவிட்டேன், போனில் தெரியப்போகிறதுபோல.

“தப்பா எழுதியிருக்கீங்க” என்றார்.

“எதும்மா? பதிவேட்டுல இருக்கிறதை அப்படியே...”

“நாற்பத்தொண்ணு இல்லை, நாற்பத்திரண்டு. அண்ணன் பள்ளிக்கூடம் போயிடுவான், அவனுக்கு என்ன தெரியும்? நான் சின்னவ, பகலெல்லாம் வீட்லதான் இருப்பேன். எங்க வீட்டு மணியைத் திருகித் திருகி அடிக்கிறதுன்னா எனக்கு உயிரு. ஒரு நாள் எழுந்து பார்க்கறேன், கதவுல ஓட்டை மட்டும்தான் இருக்கு. தெருவுல யார் வீட்டு மணியும் தொலையாத நேரம் அது. முதல்ல எங்க வீட்டு மணியைத்தான் எடுத்தாரு.”

கிளி அறிவிப்பின் ஓரத்திலேயே ‘நாற்பத்திரண்டு’ என்று எழுதிக்கொண்டேன்.

“நாங்க புகார் குடுக்கலை. அதான் உங்க பதிவேட்டுல இல்லை” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியது. “திருத்தம்னு ஒண்ணு போடுவீங்களாமே. போடுவீங்களா?”

கத்தரியிடம் போனேன். ஆதாரம் என்ன என்று கேட்டார். சொன்னேன். பேனா மூடியைக் கழற்றியவர், திரும்பப் போடாமல் எழுதிக்கொடுத்தார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஐந்தாம் பக்கம், கீழே, பெட்டிக்குள்:

‘திருத்தம்: அழைப்பு மணிகள் நாற்பத்திரண்டு. ஆதாரம்: அவர் மகள்.’