பஸ் வேண்டாம், தடம் போதும்

போத்தனூர்,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் லின்சிக்கு,

மாதா காவலில் நானும் உன் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளை வின்ஸ்டனும் அப்படியே இருக்க வேண்டும் என்று இன்று முதல் பூசையில் வேண்டிக்கொண்டுதான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம், போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை குறுக்கே பேசுவாய், கடிதத்தில் அது நடக்காது, அதனால்தான். உன் சிநேகிதி சாய்ப்ரியா புதன்கிழமை விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதையும் பருப்புப்பொடியையும் கொடுத்து அனுப்புகிறேன். அப்பாவுக்கு மூட்டு வலி இப்போது பரவாயில்லை, முக்குக் கடை வரை நடந்து போய் டீ குடித்து யாரிடமாவது அரசியல் பேசிச் சண்டை வளர்த்துக்கொண்டு வருகிறார். கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஜீப் என் கைக்கு வந்துவிட்டது, அது உனக்குத் தெரியும். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதி மிதி என்று மிதிக்கிறார், டாக்டர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. மாடிச் சுவரில் மறுபடியும் ஓதம் இறங்குகிறது, கொத்தனார் இன்று வருகிறேன் நாளை வருகிறேன் என்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் போனில் நீ, ஜீப் கிளப்புக்காகக் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதே அம்மா, எவனாவது வண்டியைக் கவிழ்த்தால் கேஸ் உன் பேரில்தான் வரும் என்றாய். நீ இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவள், எந்த வண்டியைப் பார்த்தாலும் அது கவிழ்ந்து கிடப்பதுதான் உன் கண்ணுக்குத் தெரியும். அதில் உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு, ஆனால் பாதிக் கதையைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னாய், மீதியையும் கேள். பெருந்துறையைத் தாண்டி நாங்கள் கிளப்போடு ஞாயிறு பூசை முடிந்து ஜீப் ஓட்டப் போவோமே, அந்த இடம் உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மண் பாதை, அப்புறம் வறண்ட பள்ளம், அதைத் தாண்டினால் கைவிட்ட கல்லுக்குழி. காட்டு இலாகா எல்லை அந்தப் பக்கமே கிடையாது, அத்தனையும் புறம்போக்கு. பள்ளத்தில் இறங்கி முதல் கியரில் கல் கல்லாக ஏறி மேலே வரும்போது எனக்கு இருக்கும் சந்தோஷம் வேறு எங்கேயும் இல்லை, இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. ரிடையர் ஆனபிறகு எல்லோரும் என்னை உட்காருங்கள் உட்காருங்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள், அங்கேதான் ஓட்டுங்கள் டீச்சர் என்றார்கள்.

மழைக்கு முன்னால் எங்கிருந்தோ நாலு பையன்கள் புது வண்டிகளில் வந்து, வீடியோ எடுக்கிறேன் என்று வேலியை உடைத்து, பாவாத்தாள் என்கிற தோட்டத்துக்கார அம்மாவின் சோளக்காட்டில் ஏற்றிச் சுற்றிவிட்டுப் போய்விட்டார்கள். அவர் புகார் கொடுத்தார், நியாயம்தானே. உடனே பொக்லைன் வந்து பாதைக்குக் குறுக்கே ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்று போர்டும் வைத்துவிட்டார்கள். எங்கள் ஜீப் மட்டுமா நின்றது, அந்த அம்மாவின் பால் வண்டியும் நின்றது. நான் தமிழ் டீச்சர் அல்லவா, மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கிளப்பில் எல்லோரும் அந்த மண் பாதையைத் தடம் தடம் என்றுதான் சொல்கிறார்கள், நம் ஊரில் வேறு எப்படிச் சொல்வது. அரசாங்கத்துக்கு எழுதும்போது நல்ல தமிழாக இருக்கட்டும் என்று நான் வழித்தடம் என்று எழுதினேன். எங்கள் வழித்தடத்தை மீண்டும் இயக்க ஆவன செய்ய வேண்டும் என்று எழுதி, கீழே கோடும் போட்டேன். பதில் வந்தது அம்மணி. போதிய பயணிகள் இல்லாத காரணத்தால் மேற்படி வழித்தடத்தில் பஸ் இயக்க இயலாது என்று வந்தது. உன் அப்பா அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் மூட்டு வலி அன்றைக்குக் காணாமல் போய்விட்டது. கண்டக்டர் அம்மா டிக்கெட் குடுங்க என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு அவமானமாகத்தான் இருந்தது, ஆனால் அதோடு விடுகிற ஆளா நான். முதலில் பாவாத்தாளைப் போய்ப் பார்த்தோம். அவர் எங்களை உள்ளே கூடக் கூப்பிடவில்லை, ஜீப்பைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உக்கடத்தில் நம் ஜீப்பைப் பார்க்கிற மெக்கானிக் கலீல் ரஹ்மான் பாய்தான், பேச்சு அப்புறம், வேலியை முதலில் நட்டுக் கொடுப்போம் டீச்சர் என்றார். அடுத்த ஞாயிறு கிளப்பே இறங்கியது. கிளுவைக் கிளைகளைப் போத்தாக வெட்டி வந்து, குழி தோண்டி, நெருக்கி நட்டு, கயிறு கட்டினோம். ஐ.டி. கம்பெனிப் பையன்களுக்குக் கையெல்லாம் முள் கீறி ரத்தம், ஒருத்தனும் முனகவில்லை. சாயங்காலம் பாவாத்தாள் மோர் கொண்டு வந்து கொடுத்தார், அப்போதும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் சட்டமன்றக் குழு ஈரோட்டுக்கு மனு கேட்க வருகிறது என்று தெரிந்து, நான் இன்னொரு மனு எழுதிக்கொண்டு போனேன். பெரிய ஹால், மேடையில் எம்.எல்.ஏ.க்கள், கீழே அதிகாரிகள், எங்களுக்கு முன்னால் சாக்கடை, பட்டா, குடிதண்ணீர் என்று பெரிய வரிசை. எங்கள் முறை வந்ததும் நான் மாண்புமிகு உறுப்பினர்களே என்று ஆரம்பித்தேன். பழைய பதில் காகிதம் எங்கள் பைலின் மேலேயே குத்தியிருந்தது போல, ஒரு உறுப்பினர் அதைப் பார்த்துவிட்டு, எந்தப் பஸ்ஸுங்கம்மா, எத்தனாம் நம்பருங்க என்று கேட்டார். ஹாலே சிரித்தது. எனக்கு வந்ததே கோபம், படித்த தமிழ் எல்லாம் பறந்துவிட்டது. பஸ்ஸெல்லாம் வேண்டாமுங்க, நாங்க ஜீப்புல போற தடத்த வெட்டிப்போட்டாங்க, அந்தத் தடத்தத் தொறந்து உட்டுப்போடச் சொல்லுங்க, அது போதுமுங்க என்று சொல்லிவிட்டேன். அவர், அட தடமுங்களா, அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். அப்புறம் கேள்வி மேல் கேள்வி. புகார் இருக்கிறதே என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பாவாத்தாள் எழுந்துவிட்டார், அவர் வருவார் என்று எனக்கே தெரியாது. ஒடைச்சுப்போட்டுப் போனவனுக வேறைங்க, இவுங்க வந்து நட்டுக் குடுத்தவுங்க, எனக்கும் பால் கொண்டு போகத் தடம் வேணுமுங்க என்றார். அந்த இடத்திலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசியில் அவர்கள் சொன்னது இதுதான். குழியை மூடி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிளப் வண்டிகளை விடப் பரிந்துரை செய்கிறோம், ஆனால் எது நடந்தாலும் பதில் சொல்ல ஒரு ஆள் பேரில் உறுதிமொழி வேண்டும். எங்கள் கிளப் தலைவர் மனோஜ்குமார், எனக்குக் கம்பெனியில் தொந்தரவாகிவிடும் டீச்சர் என்று தரையைப் பார்த்தான். பாவம், இரண்டு குழந்தைகள். கலீல் பாய் நான் போடுகிறேன் என்றார். யார் வண்டி மோதினாலும் பழுது பார்த்த ஒர்க்‌ஷாப்பைத்தான் முதலில் கேட்பார்கள், அவரை எதற்கு மாட்டிவிட வேண்டும் என்று நான் விடவில்லை. அதற்குப் பிறகுதான் உன் போன் வந்தது, போடாதே என்று. நீ சொன்னதை எல்லாம் யோசித்தேன், பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். யோசித்துவிட்டு வெள்ளிக்கிழமை ஈரோட்டுக்குப் போய்ப் போட்டுவிட்டேன்.

இப்போது நீ கோபப்படுவாய். அதற்கு முன்னால் ஒன்றை நினைத்துப் பார். காலேஜில் மணாலிக்கு டூர் போகிறேன் என்று ஒரு காகிதம் கொண்டு வந்தாய். பிள்ளைக்கு எது நடந்தாலும் நாங்களே பொறுப்பு, காலேஜ் பொறுப்பல்ல என்று அச்சடித்திருந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் படித்துவிட்டு வேண்டாம் என்றார். நீ சாப்பிடாமல் கதவோரம் நின்று அழுதாய். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டேன். நீ போய்ப் பனியைப் பார்த்துவிட்டு வந்தாய், வந்த நாளிலிருந்து உனக்குத் தூரம் என்றால் பயமே இல்லாமல் போனது. இன்றைக்கு நீ அங்கே இருக்கிறாய். இந்தத் தடவை டூர் போகிறவள் நான், அவ்வளவுதான்.

மாதா உங்கள் இருவரையும் தன் கை நிழலிலேயே வைத்திருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, சாய்ப்ரியா வந்ததும் ஒரு மெசேஜ் போடு. கிறிஸ்துமஸுக்கு வரும்போது உன் இந்திய லைசென்ஸைத் தேடி எடுத்து வை, தேதி முடிந்திருந்தால் இங்கே வந்ததும் புதுப்பிக்கலாம், பள்ளத்தில் இறங்கும்போது அப்பாவைப் பின்னால் ஏற்றிவிட்டு உன்னை முன் சீட்டில் உட்கார வைக்கப் போகிறேன், ஏறும்போது ஸ்டியரிங் உன் கைக்கு. மணாலிக் காகிதத்தில் போட்ட அதே கையெழுத்தைத்தான் ஈரோட்டிலும் போட்டேன், இங்கேயும் போடுகிறேன், சரிபார்த்துக்கொள்.

உன் அன்பு அம்மா,
இ. அற்புதம்