பதினோராம் மனையில் நிற்காத தண்ணீர்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். வரைபடச் சுருளை பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதற்கு மேல் துண்டு. ரயிலில் உட்கார இடம் கிடைத்தது.

திருவாலங்காடு முனிரத்தினம் அண்ணாவின் நிலம், மனைப்பிரிவுக்கான முதல்நிலை வரைபடம், திருவள்ளூர் ஆபீஸில் கொடுத்தாயிற்று. ஒரு ஏக்கர் சொச்சம். பதினெட்டு மனை. பத்தொன்பது வருஷம் இன்னொருத்தர் ஆபீஸில் நான் வரைந்தேன், அவர் கையெழுத்துப் போட்டார். என் பெயரில், என் பதிவு எண்ணில் போவது இதுதான் முதல்.

கொடுத்தது:
பட்டா, சிட்டா
வில்லங்கச் சான்று
மூலப் பத்திர நகல்
புலப்படம், கிராம வரைபடம்
பொது இடம் பத்தில் ஒரு பங்கு – முன்பக்கம், மெயின் ரோட்டை ஒட்டி
இடத்தில் உள்ளவை: வேப்பமரம் 2, மின்கம்பம் 1, வாய்க்கால் இல்லை, கிணறு இல்லை

வாங்கிப் பார்த்த அதிகாரி அம்மா, "ஃபர்ஸ்ட் டைமா? நீட்டா இருக்குது" என்றார். மழைத் தண்ணி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அம்புக்குறி போட்டு ஒரு தாள் கேட்டார். அடுத்த வாரம் தரணும்.

மூக்குக் கண்ணாடி திருகு மறுபடி லூஸ்.

நவ. 6, வியாழன்

கிருத்திகை. கீழே ரோட்டில் நடக்க இடமில்லை, ஊரெல்லாம் காவடி. என் ஆபீஸைத் திறந்ததே பதினொரு மணிக்கு.

அந்தக் கூட்டத்திலும் அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். லோகம்மாவும் வீட்டுக்காரரும். விசைத்தறிக்காரர்கள். முனிரத்தினம் அண்ணா வாய்வார்த்தையாக ஒரு மனை சொல்லி வைத்திருக்கிறாராம். அனுமதி வராமல் விற்கக் கூடாது என்றேன்.

"தெரியும்ங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

வரைபடத்தை விரித்தேன். லோகம்மா 11-ஆம் மனையில் விரலை வைத்தாள். "இங்க நாலு தறி போட்டுக்கலாம் பாவா. காங்கிரீட் போட்டு ஸ்ட்ராங்கா."

வீட்டுக்காரர் தலையாட்டினார். விரலை எடுக்கவே இல்லை அவள்.

நவ. 9, ஞாயிறு

இரண்டு நாள் நல்ல மழை. தண்ணீர் ஓட்டம் பார்க்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று நிலத்துக்குப் போனேன்.

எல்லா இடத்திலும் கணுக்கால் தண்ணீர். 11-இல் மட்டும் இல்லை. சுற்றியிருந்து ஓடி வருகிறது, அங்கே வந்ததும் காணோம். மண் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. காலை வைத்தேன், முழங்கால் வரை போய்விட்டது. செருப்பு ஒன்று உள்ளேயே போச்சு.

வரப்பில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மா பார்த்துவிட்டு, "அங்க போவாதம்மா. கெணறு இருந்த எடம்" என்றது.

"எந்தக் கெணறு?"

"முனிரத்தினத்தோட அப்பா வெட்டினது. ஆயில் இன்ஜின் வெச்சி எறச்சிகினு இருந்தாங்க. வத்திப் போச்சி. குப்பையும் மண்ணுமா தள்ளி ஜேசிபில மூடிட்டாங்க. மூணு வருசம் இருக்கும்."

அரசுப் புலப்படத்தில் இல்லாத கிணறு. படம் போட்ட பிறகு வெட்டியது. நான் அளக்கப் போனபோது மேலே புல் முளைத்து, பக்கத்து மண்ணைப் போலவே இருந்தது.

"கிணறு இல்லை" என்று எழுதியது நான். கையெழுத்தும் என்னுடையது.

ஒற்றைச் செருப்போடு ஸ்டேஷன் வரை.

நவ. 10, திங்கள்

முனிரத்தினம் அண்ணாவை ஆபீஸுக்கு வரச்சொன்னேன். வந்தார். அறுபது வயசு இருக்கும், என் மேஜை முன்னால் இவ்வளவு தலைகுனிந்து உட்கார்ந்து பார்த்ததில்லை.

"கெணறு இருக்குதான்னு கேட்டேனே அண்ணா?"

"இருக்குதான்னு கேட்ட. இல்லன்னேன். இருந்திச்சான்னு கேட்டியா?"

குறிப்பு நோட்டைத் திறந்து பார்த்தேன். கேட்டிருக்கவில்லை.

அப்புறம் அவரே பேசினார். "கெணறு இருந்த எடம்னா ஒருத்தன் வாங்க மாட்டாம்மா. பக்கத்துதும் சேத்து மூணு மனை பூடும். எனக்கு இருக்கிறதே இந்த நெலம்தான். மண்ணு கெட்டியாயிடும், இன்னும் ரெண்டு மழை பெஞ்சா போதும்."

"அதுமேல தறி போடப் போறாங்க அண்ணா. நாள் பூரா அதிரும்."

"நீ சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியும்?"

நாளைக்கு திருவள்ளூர் ஆபீஸில் சொல்லப் போகிறேன் என்றேன். எழுந்தார். "அப்ப வேற ஆள வெச்சிக்கிறேன்." டீ வாங்கி வைத்திருந்தேன். தொடவில்லை.

நவ. 11, செவ்வாய்

சரியான தூக்கமில்லை.
சொன்னால்: முதல் வேலையே திரும்பி வரும். பெயர் கெடும். பதிவு எண்ணை ரத்து செய்வார்களா? யாரைக் கேட்பது?
சொல்லாவிட்டால்: லோகம்மா விரல்.

போய்ச் சொன்னேன். அதே அம்மா. நான் எழுதியதைக் காட்டி, தப்பு, அங்கே மூடிய கிணறு இருக்கிறது, நிலத்துக்காரர் சொல்லித்தான் இல்லை என்று போட்டேன், ஆனால் சுற்று வட்டாரத்தில் ஒருத்தரைக்கூட விசாரிக்காதது என் தவறு என்றேன்.

பேனாவை மூடி வைத்தார். "நீங்களேவா வந்து சொல்றீங்க?"

"ஆங், மேடம்."

"இது முதல்நிலைதானேம்மா. திருத்தத்தானே இந்தக் கட்டமே. வாபஸ்னு ஒரு லெட்டர் குடுங்க. சரியா வரைஞ்சி எடுத்துனு வாங்க."

அவ்வளவுதான். வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு நல்ல பசி. நாலு இட்லி, ஒரு வடை.

நவ. 12, புதன்

வேற ஆளை வைத்தால் வைக்கட்டும், என் தப்பை நான் திருத்திவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். முதுகு வலி.

மதியம் பளிச்சென்று தெரிந்தது. எப்படியும் பத்தில் ஒரு பங்கு பொது இடம் விடணும். அதை ஏன் முன்னால் வைத்தேன்? பார்க்க அழகாக இருக்கட்டும் என்றுதான். அதைப் பின்னால் கொண்டு போய் 11, 12, 13 மேல் வைத்தால் கிணறு அதற்குள் அடங்கிவிடும். உள் ரோடு அதை ஒட்டித்தான் போகிறது, பொது இடம் ரோட்டைத் தொடணும் என்ற விதிக்கும் பொருந்தும். முன்னால் காலியான இடத்தில் மூன்று மனை. மறுபடி எண்ணினேன். பதினெட்டு. அதிலும் அந்த மூன்று மெயின் ரோடு பார்த்து.

அண்ணாவுக்கு மூன்று தடவை போன். எடுக்கவில்லை. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று காட்டியது. பதில் இல்லை.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"பதினெட்டு தானா?"

"பதினெட்டு தாண்ணா."

அவர் பக்கம் மாடு கத்துவது கேட்டது.

"சரிம்மா. நீயே குடு."

நவ. 14, வெள்ளி

புதுப் படம் கொடுத்தாயிற்று. லோகம்மாவுக்குப் போனில் நடந்ததையும், முன்னால் புதிதாக வரும் மூன்று மனையையும் சொன்னேன். "அப்ப கெணத்து மேலயா தறி போட்டிருப்போம்?" என்று கேட்டாள். பிறகு, ரோட்டுப் பக்கம் இரண்டாவது மனை எந்தத் திசை வாசல் என்றாள். வடக்கு. அது போதுமாம்.

புதுச் செருப்பு. கொஞ்சம் கடிக்கிறது.

நவ. 20, வியாழன்

இடம் பார்க்க ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வெயில். என்ன சொல்வது என்று ஒரு தாளில் மூன்று வரி எழுதி வைத்திருந்தேன், திக்காமல் இருக்க.

நான் வாயைத் திறக்கும் முன்னே முனிரத்தினம் அண்ணா அவர்களைக் கூட்டிக்கொண்டு நேரே பின்பக்கம் போனார். கிணறு இருந்த இடத்தின் நாலு மூலையிலும் கட்டை நட்டுக் கயிறு கட்டி வைத்திருந்தார். யாரும் சொல்லவில்லை.

"இதாங்க எங்க நைனா வெட்டின கெணறு. நான்தான் மூடினேன். இந்தம்மா கிட்ட மறைச்சதும் நான்தான். இதும்மேல ஒண்ணும் கட்டக் கூடாதுங்க."

அவர்கள் அளந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள்.

என் தாள் கைப்பையிலேயே. திரும்பும்போது ரயிலில் வேர்க்கடலை வாங்கி, தோலை அந்தத் தாளில்தான் போட்டேன்.