எட்டாம் அத்தியாயத்தில் தேவகி

பாக்கார் ஆராங்,
சுங்கை பட்டாணி
9.6.2024

லோகா,

உன் புத்தகத்தைப் படித்த எதிர்வீட்டுக் காஞ்சனா, என் மனைவியிடம் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். ஐந்து நாளாக என் வீட்டுக் கதவு எனக்குத் திறக்கவில்லை.

நீ பெண்டாங்கில் உட்கார்ந்துகொண்டு போன் அடித்துக்கொண்டே இருக்கிறாய். எடுக்கமாட்டேன். கையால் எழுதினால் கோபம் தணியும் என்று அந்தப் புத்தகத்தில்தான் போட்டிருக்கிறாய். எழுதிப் பார்க்கிறேன். தணியக் காணோம்.

உனக்குத் தெரிந்த கதைதான். நீ எழுதிய மாதிரி இல்லாமல், நடந்த மாதிரி ஒருமுறை படி. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துப் பிழைத்து வந்ததிலிருந்து தேவகிக்கு நான் போலி. "என் வீட்டுக்காரர் மூஞ்சிய வெச்சுக்கிட்டு எவனோ வந்துட்டான்" என்று அலறினாள். என் தங்கை மருதம்மாளைத் துணைக்கு வைத்துவிட்டுக் கடை மாடிக்குப் படுக்கப் போனேன். பிறகு ஒரு வழி கண்டேன். தொப்பி, முகக்கவசம், கடை ஆட்கள் போடும் சட்டை. வாசலில் நின்று குரலை மாற்றி, "பாராங் சம்பாய், காக்!" என்பேன். சாமான் வந்திருக்கு, அக்கா என்று மலாயில் சொன்னால் திறப்பாள். அரிசியை எங்கே வைப்பது என்று காட்டுவாள். கிளம்பும்போது, "தவுக்கே சாப்பிட்டாரா?" என்று அவளும் மலாயில் கேட்பாள். கடை முதலாளி நான்தானே. சாப்பிட்டார் என்பேன். எனக்கு மிச்சமிருந்த குடும்பம் அவ்வளவுதான்.

உன் ஒருத்தனிடம்தான் அழுது சொன்னேன். அதை நீ உன் மனநலப் புத்தகத்தில் எட்டாம் அத்தியாயம் ஆக்கிவிட்டாய். நானும் மேடையேறி, பொன்னாடை போர்த்திக்கொண்டு, முதல் பிரதியை வாங்கிப் படத்துக்குச் சிரித்தேன். போதாததற்கு ஒரு பெட்டி எடுத்து, காலண்டர் கொடுப்பதுபோல் வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

காஞ்சனா நல்லது என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பாள். "அக்கா, சாமான் கொண்டார ஆளே உங்க வீட்டுக்காரர்தான்லா. புக்குலயே போட்டிருக்கு!" இப்போது சாமான்காரனும் வேஷக்காரன்.

என்ன செய்யப்போகிறாய்?

காளிதாசன்

*

பெண்டாங்
14.6.2024

அன்புள்ள காளி,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இருந்தாலும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். நான் பெயர் போடவில்லை. 'வடக்கே ஒரு நகரத்து மளிகை வணிகர்' என்றுதான் எழுதினேன். அச்சுக்குப் போகுமுன் மொத்தத் தாள்கட்டையும் உன் கல்லாமேல் கொண்டுவந்து வைத்தேன். "நீ எழுதினா சரியாத்தான்டா இருக்கும். எனக்கு எங்க நேரம்?" என்றாய்.

உன் முகம் அவள் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. முகத்தோடு கூட வரவேண்டிய பாசம்தான் வழியில் நின்றுவிடுகிறது. மிக நெருங்கியவரிடமே இப்படி ஆகும். அந்தப் பகுதியைப் படித்துவிட்டு, தன் தகப்பனாரைப் புரிந்துகொண்டதாக ஈப்போவிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறாள். உன் துயரம் வீண் போகவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கதவுக்கு உள்ளே இருந்து தேவகி இப்போது என்ன சொல்கிறாள்? சொன்னபடியே எழுதி அனுப்பு. இரண்டாம் பதிப்பு தயாராகிறது. முழுமையாக இருக்கட்டும்.

என்றும் உன்,
லோகேஸ்வரன்

*

பாக்கார் ஆராங்
18.6.2024

லோகா,

முழுமையாக வேண்டுமா? எழுதிக்கொள். "போலீஸ கூப்பிடு மருதம்மா. என் வீட்டுக்காரர இவன் என்ன செஞ்சானோ!" நான் கேட்டுக்கு வெளியே நிற்கும்போதே சொன்னாள்.

பிரித்துப் பார்க்காமல் சரக்கு எடுத்தது என் முட்டாள்தனம். அதை நீ எனக்குச் சொல்லிக்காட்ட வேண்டாம். நாம் செமிலிங் எஸ்டேட்டிலிருந்து ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள் என்பதால்தான் இவ்வளவு பேச்சும்.

ரத்த அழுத்த மாத்திரையை அவள் தொடுவதில்லை. அந்த ஆள் அனுப்பிய விஷமாம். இன்னொரு தடவை வெடித்தால் பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேற்று மருதம்மாளிடம், "லோகா அண்ணன வரச் சொல்லு. அவரு ஒருத்தர்தான் நெஜமான ஆளு" என்றிருக்கிறாள். அதைக் கேட்டு எனக்கு எப்படி இருந்தது என்பதற்கு உன் புத்தகத்தில் அத்தியாயம் இல்லை.

வருவாயா, மாட்டாயா?

காளிதாசன்

*

பெண்டாங்
21.6.2024

அன்புள்ள காளி,

வருகிறேன். எட்டாம் அத்தியாயத்தை எடுத்துவிடும்படி அச்சகத்தில் சொல்லிவிட்டேன். நீ என்ன நிபந்தனை போட்டாலும் சம்மதம். உன்னைப் பற்றி அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லிப் பார்க்கட்டுமா? எல்லாம் சரியானதும் பழையபடி உன் கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கலாம்.

உன்,
லோகா

*

பாக்கார் ஆராங்
24.6.2024

திரு. லோகேஸ்வரன் அவர்களுக்கு,

பின்னால் பேச்சு மாறக்கூடாது என்பதால் எழுதிவைக்கிறேன்.

செவ்வாயும் வெள்ளியும் காலையில் மருந்தும் சாமானும் நீங்கள் கொண்டுபோகவேண்டும். என் கடைப் பையில் வேண்டாம். போன் காரிலேயே இருக்கவேண்டும். அவள் மாத்திரையை விழுங்கும்வரை இருந்துவிட்டுக் கிளம்பவேண்டும். என் பேச்சை எடுக்கக்கூடாது. எடுத்துச் சொன்னதெல்லாம் போதும். அழுதால் ஆறுதல் சொல்லலாம், ஏன் என்று கேட்கக்கூடாது. அவள் சொன்னது எதுவும் வெளியே வரக்கூடாது. என்னிடமும் சொல்லவேண்டாம்.

உள்ளே இருக்கும்போது வாசல் கதவைச் சாத்தாதீர்கள். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு லோரி நிற்கும். அதில் இருந்து பார்த்தால் ஹால் தெரியும்.

கடைக்கு வரவேண்டாம். பெண்டாங்கிலிருந்து வந்துபோகும் பெட்ரோல் செலவு என்னுடையது.

க. காளிதாசன்