சுக்கு, மல்லி, உன் பட்டறைச் சட்டை

பேட்டை
வியாழக்கிழமை, அஸருக்குப் பிறகு

அன்பு மகன் சல்மான் ஃபாரிஸுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீ அங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நல்லபடியாக இருக்க அல்லாஹ்விடம் ஐந்து நேரமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே நானும் வாப்பாவும் உன் தங்கை அர்வாவும் இருக்கிறோம். நலம் என்று எழுத வந்த கை அப்படியே நிற்கிறது, ஏனென்றால் மூன்று வாரமாக இந்த வீட்டில் நலம் இல்லை, அதை உன்னிடம் நான் மறைத்தும் வைத்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே. போனை எடுத்தால் உன் வாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடு என்கிறார், அவரை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. எதிர்வீட்டு மசூது லீவு முடிந்து சனிக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறான், தம்மாம் வந்ததும் அல்வாவோடு இதையும் உன் கையில் தருவான்.

முதலில் என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை வீடியோவில் ரெண்டு பூனையையும் சேர்த்துக் காட்டுங்க உம்மா என்று கேட்டாய், மல்லி தூங்குகிறாள் என்றேன். அதற்கு முந்தின வாரம் சுக்கு மாடியில் இருக்கிறான் என்றேன். இரண்டும் பொய். சுக்குவையும் மல்லியையும் சேர்த்துக் காட்ட முடியாது, ஏனென்றால் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் ரத்தம் பார்க்காமல் விடுவதில்லை. நம்ப மாட்டாய் என்று தெரியும். நீ பட்டறையில் வேலை பார்த்தபோது இரும்புச் சுருளுக்கு நடுவில் அட்டைப் பெட்டியில் கிடந்ததுகளைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தாயே, அன்றிலிருந்து நாலு வருஷம் ஒரே கூடையில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்ததுகள். ஒன்றின் பேரைச் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை, சுக்குமல்லி என்று சேர்த்துத்தான் கூப்பிடுவேன், இரண்டும் வரும்.

நடந்தது இதுதான். சுக்குவுக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டது. ஒரு நாள் முழுக்க முக்கி முக்கி ஒரு சொட்டும் போகவில்லை, மறுநாள் காலையில் கூடையில் வைத்து மேலே துப்பட்டாவைக் கட்டி அர்வாவும் நானும் ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ரீபா என்று ஒரு டாக்டரம்மா, சின்ன வயதுதான், கைராசிக்காரி. குழாய் வைத்து மூத்திரத்தை இறக்கி மூன்று நாள் தன் பொறுப்பில் வைத்துப் பிழைக்க வைத்தாள், அவளுக்கு நான் எத்தனை துஆ செய்தாலும் தகும். இங்கே மல்லி அந்த மூன்று நாளும் சாப்பிடாமல் வாசல்படியிலேயே கிடந்து கத்தினாள். நாலாம் நாள் அவனைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கிவிட்டு, இதோ உன் அண்ணன் வந்துவிட்டான் பார் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை. பாய்ந்தாளே பார்க்கணும். முடி பறக்கிறது, சுக்கு பயத்தில் அங்கேயே ஒன்றுக்குப் போய்விட்டான், பிறகு தையல் மெஷினுக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டான். ஊசி போடுவதற்காக அவன் முன்னங்காலில் முடியை மழித்திருந்தார்கள், அந்த இடத்தையே குறி வைத்துக் கடித்திருக்கிறாள்.

இதில் என் புத்திசாலித்தனம் ஒன்று இருக்கிறது, அதையும் கேள். மருந்து வாடைதானே அவளுக்குப் பிடிக்கவில்லை என்று சுக்குவைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன். பிறகு சாம்பிராணி பிடித்தேன். அதுவும் போதாதென்று உன் மாமா ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த அத்தரை எடுத்து அவன் காதுக்குப் பின்னால் தடவினேன். மாப்பிள்ளைக்கா உம்மா அத்தர் பூசுதிய, பூனைக்கும்மா என்று அர்வா தலையில் அடித்துக்கொண்டாள், நான் கேட்டால்தானே. கூடையில் கிடந்த துணி, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டு அலசிக் காயப்போட்டேன். அத்தர் வாசத்தோடு அவனை மறுபடி மல்லியிடம் விட்டேன், அன்றைக்கு நடந்தது முதல் நாளைவிட மோசம். விலக்கப் போன உன் வாப்பாவின் வலது கையில் மல்லி பல்லை இறக்கிவிட்டாள். சர்க்கரை உடம்பு, மறுநாளே கை பன்னாய் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, நாள் குறித்து ஊசி போடுகிறார்கள். வீக்கம் இப்போது வற்றிவிட்டது, காய்ச்சல் இல்லை, நீ அலறிக்கொண்டு போன் போடாதே. ஆனால் நாலு நாள் ஸ்பூனில் சோறு தின்றார். அவர் ஸ்பூனில் தின்பதை நான் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை, அந்த நாலு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை, காரணம் பூனையில்லை, என் அத்தர்.

அதற்குப் பிறகு அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். ஏட்டி, ஆளக் கடிக்கிற பூனைய வச்சிக்கிட்டு வாழ முடியாது, ரெண்டுல ஒண்ணு வெளிய போகணும் என்றார். கடித்தவள் மல்லி, அதனால் மல்லிதான் போகவேண்டும். திசையன்விளை இசக்கியப்பன் அண்ணாச்சியிடம் சொல்லியும் வைத்துவிட்டார், அவர் கருப்பட்டிக் கிடங்கில் எலி அதிகமாம், வெள்ளிக்கிழமை டவுனுக்கு வரும்போது கூடை கொண்டுவந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. நீ தோளில் ஏற்றிக்கொண்டு தெருவெல்லாம் திரிந்தவளைக் கிடங்கில் கொண்டுபோய் அடைக்கப்போகிறார்கள். உன்னிடம் கேட்காமல் செய்வது எனக்கு மனசே ஒப்பவில்லை. உன்னிடம் சொன்னாலோ நீ அங்கே வேலையில் கவனம் சிதறி மெஷினில் கையைக் கொடுத்துவிடுவாய் என்று பயம். இப்படித்தான் ஒவ்வொரு நாளாகப் பொய் சொல்லிக்கொண்டே வந்தேன்.

என்னைக் கொன்றது சுக்குதான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பழையபடி வாலைத் தூக்கிக்கொண்டு மல்லியை அடைத்து வைத்திருக்கிற தையல் அறைக்கு முன்னால் போய் நிற்கிறான், உள்ளேயிருந்து அவள் உறுமுகிறாள், இவன் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறான்.

போன சனிக்கிழமை டாக்டரம்மாவிடம் போய் அழுதேவிட்டேன். அவள் சொன்னாள், பூனைக்குக் கண்ணைவிட மூக்குதான் பெரிசும்மா, மேலுக்கு அதே சுக்குதான், ஆனா மல்லி மூக்குக்கு அவன் வேற யாரோ, நீங்க சோப்பும் அத்தரும் போட்டு மிச்சமிருந்த வாடையையும் எடுத்துட்டீங்க. இருவரையும் தனித்தனி அறையில் வைக்கணும், மூடின கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு அந்தப் பக்கம் ஒரு தட்டு வைத்துச் சோறு போடணும், இருவருக்கும் பழக்கமான துணி, துவைக்காத துணி, வீட்டில் இருந்தால் ஆளுக்கொரு துண்டு கொடுத்து மாற்றி மாற்றிப் போடணும், அவசரப்படக்கூடாது என்றாள். துவைக்காத துணிக்கு நான் எங்கே போவேன், இந்த வீட்டில் எல்லாவற்றையும் என் கையாலேயே வெந்நீரில் போட்டுவிட்டேனே.

ஒன்று மட்டும் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது சல்மான். நீ ஊரைவிட்டுப் போன அன்று காலையில் கழற்றிப் போட்டாயே நீலப் பட்டறைச் சட்டை, குட்டிகளை உள்ளே போட்டுக்கொண்டு வந்த அதே சட்டை, நீ போகிறவரை இரண்டு வருஷம் ராத்திரி நீ கழற்றிப் போட்டதும் அதுகள் படுத்துப் புரண்டதும் அதன் மேல்தான். அதை நான் துவைக்கவில்லை. பாலித்தீன் கவரில் போட்டு பீரோவில் என் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். உன் வாப்பாவுக்குத் தெரியாது, அர்வாவுக்குத் தெரியாது. மதியம் வீட்டில் ஆள் இல்லாதபோது எப்போதாவது கவரைத் திறப்பேன். கிரீஸும் வியர்வையுமாக உன் வாசம் வரும், சட்டென்று மூடிவிடுவேன், அடிக்கடி திறந்தால் போய்விடும் என்று பயம். இரண்டு வருஷம் இரண்டு மாசம் இப்படி ஓட்டியிருக்கிறேன்.

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பூனைக்காக இதைக் கொடுப்பதா என்று மனசு அடித்துக்கொண்டது. பிறகு மெஷின் முன்னால் உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுத்தேன், வெட்டக் கை வரவில்லை. தோளிலும் பக்கத்திலும் தையலை மட்டும் பைய பைய பிரித்தேன், தையலைப் பிரித்தால் மறுபடி சேர்த்துவிடலாம் இல்லையா. முதுகுத் துண்டை சுக்குவுக்குப் போட்டேன், முன்பக்கம் இரண்டையும் மல்லிக்கு. மல்லி அதை முகர்ந்துவிட்டு முன்னங்காலால் பிசைந்தாள், குட்டியாக இருந்தபோது செய்வது மாதிரியே. இரண்டு நாளுக்கு ஒரு தடவை மாற்றிப் போடுகிறேன். கதவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து இன்று காலையில் சத்தமில்லாமல் தின்றார்கள். ஆனால் டாக்டரம்மா சொல்கிற கணக்கு மாசக் கணக்கு, இசக்கியப்பன் அண்ணாச்சி வருவது நாளைக்கு. உன் வாப்பாவிடம் இன்னும் ஒரு வாரம் கேட்டுப் பார்த்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாங்கு சொல்லிவிட்டார்கள், மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை, மாலை

ஜும்மா முடிந்து சாப்பிட்டு எழுந்திருக்கும்போதே இசக்கியப்பன் அண்ணாச்சி மூடி போட்ட கூடையோடு வந்துவிட்டார். அவருக்குத் தேநீர் கொடுக்கச் சொல்லிவிட்டு உன் வாப்பா மல்லியைப் பிடிக்கத் தையல் அறைக்குள் போனார். நான் அடுப்படியில் தேநீரை ஆற்றிக்கொண்டே நின்றேன். உள்ளே சத்தமே இல்லை. வெகு நேரமாயிற்றே என்று எட்டிப் பார்த்தால் கதவு முழுக்கத் திறந்து கிடக்கிறது, கடிபட்ட கையைக் காத்துக்கொண்டு ஒற்றைக் கையோடு போனவர் சாத்த மறந்துவிட்டார், சுக்கு உள்ளே போய்விட்டான். மல்லி எழுந்து ஒரு உறுமல் உறுமினாள். பிறகு கிட்டே வந்து அவன் முகத்தை முகர்ந்தாள், காதை முகர்ந்தாள், மழித்த காலை ரொம்ப நேரம் முகர்ந்தாள். நக்கிக் கொடுக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. துணியின் ஒரு ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள், ஒரு முழம் தள்ளி மறு ஓரத்தில் அவன் உட்கார்ந்தான்.

உன் வாப்பா குந்தி உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இடது கையில் சட்டையின் இன்னொரு துண்டு இருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே, இது அவன் பட்டறச் சட்டல்லா என்றார். அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மறுபடி கொண்டுபோனார். பூன வாடதான்ட்டி அடிக்கி என்றார், ஆனால் துண்டைக் கீழே வைக்கவில்லை. எழுந்து வெளியே போய், அண்ணாச்சி, கோவிச்சிக்கிடாதீங்க, ரெண்டும் இங்கனயே கெடக்கட்டும், உங்களுக்கு வேற பூன பாத்துத் தாரேன் என்றார். அதுக்கென்ன பாய், எங்க எலிக்கு ஆயுசு கெட்டி என்று சொல்லி அவர் வெறும் கூடையோடு போய்விட்டார், நல்ல மனுஷன்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. அரை மணி நேரத்தில் மல்லி மறுபடி சீறினாள், பிரித்துக் கதவைச் சாத்திவிட்டோம். ஆனாலும் மல்லி போகவில்லை, இங்கேதான் இருக்கிறாள். இனி வீடியோவில் ஒருவரைக் காட்டினால் மற்றவர் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார் என்று உண்மையையே சொல்வேன்.

நீ தண்ணீர் நிறையக் குடி, சுக்குவைப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் பயமும் வந்துவிட்டது. லீவை இரண்டு தடவை தள்ளிப் போட்டுவிட்டாய், ஏன் என்று நான் கேட்கவில்லை, நோன்புப் பெருநாளைக்காவது வந்து சேர். அல்லாஹ் உன் ஆயுசையும் உன் கையையும் காலையும் காப்பாற்றட்டும், உன் வேலையில் பரக்கத்தைத் தரட்டும். ஒன்று மறக்காதே. மசூதுடைய மச்சான் அடுத்த மாசம் அங்கிருந்து ஊருக்கு வருகிறாராம், அவரிடம் நீ உடுத்திக் கழற்றின சட்டையைக் கொடுத்துவிடு, துவைக்காமல் கவரில் கட்டிக் கொடு. ஒன்று போதாது, இரண்டாகக் கொடுத்துவிடு. வாப்பா வாய்விட்டுக் கேட்கமாட்டார்.

உன் உம்மா,
அலிமா பீவி